சொல் அறிவோம், சொல்ல அறிவோம்!

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளி ஆண்டு விழாவில் நடந்தது இது. எட்டாம் வகுப்பு மாணவியர் ஒரு சிறு நாடகம் நடித்தனர். அரண்மனைக் காட்சி. அமைச்சராக வேடம் பூண்ட சிறுமி மேடையின் நடுவே வந்து நின்றாள். ஒட்டு மீசையைச் சரி செய்துகொண்டு, கணீரென்ற குரலில், "தனக்குள், அரசர் என்னை ஐயுறுகிறாரோ?" என்று முழங்கினாள். மண்டபமே அதிர்ந்து சிரித்தது. "தனக்குள்" என்பது கையெழுத்துப் படியில் அடைப்புக் குறிக்குள் எழுதப்பட்டிருந்த மேடைக் குறிப்பு. நடிப்பவர் மனத்தில் நினைப்பதை அவையோர் மட்டும் கேட்கும்படி தாழ்ந்த குரலில் பேச வேண்டும் என்பதே அதன் பொருள். அவளோ அதையும் வசனத்தோடு சேர்த்து ஒப்பித்துவிட்டாள். திரை விழுந்த பின் அவள் அழுத அழுகையை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் அவளுடைய பருவத் தேர்வுத் தாளை எடுத்துப் பார்த்தோம். "நாடகத்தில் தனக்குள் பேசுதல் என்றால் என்ன?" என்று நாங்களே ஒரு வினா கேட்டிருந்தோம். அவள் எழுதிய விடைக்கு முழு மதிப்பெண் வழங்கியிருந்தோம்! விடை அவளுக்கு மனப்பாடம். பொருள் அவளை எட்டவே இல்லை. பிழை அவளுடையதா, எங்களுடையதா? எங்களுடையதே என்று தமிழாசிரியர்களாகிய நாங்கள் கூடிப் பேசித் தெளிந்தோம். அன்று முதல் சொற்பொருளையும், இலக்கிய நயங்களையும், நாடகச் சொற்களையும் கற்பிக்கும் முறையைச் சிறிது சிறிதாக மாற்றி வந்தோம். அவ்வாறு கற்பித்ததையும், கற்பிக்கையில் நாங்கள் கற்றதையும் மாணவச் செல்வங்களோடும் பெற்றோரோடும் அருட்சகோதரியரோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முனிவர் காட்டிய நான்கு வாயில்கள்

முற்காலத் திண்ணைப் பள்ளிகளில் சொற்பொருள் கற்க நிகண்டுகளே துணையாயிருந்தன. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய அந்நூல்கள் செய்யுளால் ஆனவை. பிள்ளைகள் அவற்றை நெட்டுருச் செய்தார்கள். ஒரு சொல்லின் பொருள் வேண்டுமானால் அது வரும் செய்யுள் நினைவில் இருக்க வேண்டும். நினைவில் இல்லாதவருக்கு வழி இல்லை.

இத்தாலி நாட்டிலிருந்து இறைப்பணிக்கு வந்து, தமிழ்ப்பணியும் செய்த வீரமாமுனிவர் (1680–1747) இந்த நிலையை மாற்றினார். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியிலும் அவர் சில காலம் பணியாற்றியவர் என்பது நம் பகுதியினருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1732ஆம் ஆண்டில் அவர் அமைத்த சதுரகராதி, சொற்களை அகர வரிசையில் நிறுத்திப் பொருள் கூறியது. அகரத்தை ஆதியாகக் கொண்டதால் அகராதி. நான்கு பகுதிகள் உடையதால் சதுரகராதி. எழுத்துகளின் வரிசை தெரிந்த எந்தச் சிறுமியும் எந்தச் சொல்லையும் தானே தேடிக் காணலாம் என்ற உரிமை அதனால் பிறந்தது.

அதன் நான்கு பகுதிகள் பெயர், பொருள், தொகை, தொடை என்பன. பெயர் என்ற பகுதியில் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்கள் வரும். பொருள் என்ற பகுதியில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்கள் வரும். தொகைப் பகுதியில் எண்ணால் தொகுத்துச் சொல்பவை வரும். மூவேந்தர், நானிலம், ஐம்பொறி, அறுசுவை போல்வன. தொடைப் பகுதி, எதுகை அமைத்துப் பாட விரும்புவோருக்கு ஓசை ஒத்த சொற்களைத் திரட்டித் தருவது.

இந்த நான்கையும் நாங்கள் மாணவியரின் சொல்லேட்டில் நான்கு பத்திகளாக்கினோம். வாரம் ஐந்து சொற்கள் போதும். எடுத்துக்காட்டாக, 'மா' என்ற சொல்லை ஒரு வாரம் எடுத்துக்கொண்டோம். மாமரம், விலங்கு, குதிரை, பெருமை, அரிசி மாவு, நில அளவு என்று முதல் பத்தி நிறைந்தது. மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி, இரண்டாம் பத்தியில் நிகண்டுப் பெயர்களை எழுதாமல், தன் தாத்தா வாயில் வழங்கும் மாம்பழ வகைகளின் பெயர்களை எழுதி வந்தாள். "இது ஒரு பொருளின் பல பெயர்கள் அல்ல, ஒரு பொருளின் பல வகைகள்" என்று விளக்கினோம். அந்த வேறுபாடு வகுப்பு முழுமைக்கும் அன்று விளங்கிற்று. தொகைப் பத்தியில் ஏழு அருட்சாதனங்களையும் பத்துக் கட்டளைகளையும் எழுதி வந்தவர்களும் உண்டு. மறைக்கல்வி வகுப்பும் தமிழ் வகுப்பும் அங்கே கைகோத்தன.

முனிவர் செய்த இன்னோர் உதவியையும் இங்கே சொல்ல வேண்டும். பழைய ஏடுகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவது புள்ளி ஒன்றே. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று அதையும் விட்டுவிடுவர். அப்படியானால் 'எடு' என்பதா, 'ஏடு' என்பதா? 'கொடு' என்பதா, 'கோடு' என்பதா? படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். இக்குறை நீங்கும்படி நெட்டெழுத்துகளுக்குத் தனி வடிவம் தந்தவர் வீரமாமுனிவரே. ஒரு சிறு சுழிப்பு எத்தனை ஐயங்களைத் தீர்த்தது என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், எழுத்துப் பிழையைப் பற்றி நீண்ட அறிவுரை தேவைப்படுவதில்லை.

வீட்டிலேயே இருக்கும் சொற்கள்

நாடகச் சொற்களை இதே வழியில் கற்பிக்க முயன்றபோது எங்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. "களம் என்றால் என்ன?" என்று கேட்டோம். நாடகத்தின் உட்பிரிவு என்ற விடையை எதிர்பார்த்தோம். சிற்றூரிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்து, "நெல் அடிக்கிற இடம், டீச்சர்" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. அவள் சொன்னதல்லவா வேர்! அறுத்த பயிரெல்லாம் வந்து சேர்ந்து, நெல் வேறு, பதர் வேறு என்று பிரியும் இடம் களம். படைகள் வந்து சேர்ந்து வெற்றி தோல்வி பிரியும் இடம் போர்க்களம். மாந்தர் வந்து சேர்ந்து, அவர் மனத்திலிருப்பது வெளிப்படும் இடம் நாடகக் களம். அவள் அறிந்த சொல்லைக் கொண்டே அவள் அறியாத பொருளுக்கு நாங்கள் போய்விட்டோம்.

'அங்கம்' என்றால் உறுப்பு. உடலுக்குக் கையும் காலும் போல நாடகத்துக்கு அங்கங்கள். பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம் 5 அங்கங்களும் 20 களங்களும் உடையது. நாம் நாள்தோறும் காலை வணக்கத்தில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து இந்த நாடக நூலின் முகப்பிலுள்ள வாழ்த்துப் பாடலின் ஒரு பகுதியே என்று சொன்னபோது மாணவியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். நாள்தோறும் பாடியும் அறியாதிருந்தோமே என்ற வியப்பு!

'பாத்திரம்' என்பது அடுக்களைச் சொல். நாடகத்தில் வரும் மாந்தருக்கும் அதுவே பெயர். பாத்திரத்தில் எதை ஊற்றுகிறோமோ அது அதன் வடிவத்தைக் கொள்கிறது. நடிப்பவளும் தன் குரலையும் நடையையும் அந்த மாந்தரின் வடிவத்துக்குள் ஊற்ற வேண்டும். இப்படிச் சொன்ன பிறகு 'பாத்திரப் படைப்பு' என்ற தலைப்புக்குக் குறிப்பு எழுதித் தர வேண்டிய தேவை எங்களுக்கு ஏற்படவில்லை.

மேடையையும் நாங்கள் கண்ணால் காணச் செய்தோம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடரங்கின் அளவை இளங்கோவடிகள் கணக்காகக் கூறுகிறார். இருபத்துநான்கு விரல் கொண்டது ஒரு கோல். அத்தகைய கோலால் 8 கோல் நீளம், 7 கோல் அகலம், 1 கோல் உயரம். விரல் என்பதைப் பெருவிரலின் அகலமாக, ஏறத்தாழ ஓர் அங்குலமாகக் கொண்டால், 16 அடி நீளமும் 14 அடி அகலமும் 2 அடி உயரமும் ஆகும். ஒன்பதாம் வகுப்பு மாணவியர் சுண்ணக்கட்டி கொண்டு பள்ளி முற்றத்தில் இந்த அரங்கை வரைந்தார்கள். தம் விரலால் அளந்த சிலருடைய அரங்கு சிறுத்துப்போயிற்று! உயரத்தை வரைய முடியாதே என்று தயங்கியபோது, ஒருத்தி வகுப்பறைப் பெஞ்சைத் தூக்கி வந்து பக்கத்தில் வைத்தாள்.

அந்த அரங்குக்கு மூவகைத் திரைகள் இருந்தன. திரைக்குப் பழந்தமிழ்ப் பெயர் எழினி. ஒரு பக்கமிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி. இரு பக்கங்களிலிருந்தும் வந்து நடுவில் பொருந்துவது பொருமுக எழினி. மேலிருந்து மறைவாக இறங்குவது கரந்துவரல் எழினி. தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை அமைத்தனர் என்றும் அடிகள் கூறுகிறார். மின்விளக்கு இல்லாத காலத்தில் எத்துணை நுண்மை! நம் பள்ளி மண்டபத் திரை எவ்வகை என்று கேட்டால் இப்போது ஆறாம் வகுப்புக் குழந்தைகளும் "பொருமுக எழினி" என்று உடனே சொல்லுகிறார்கள்.

பிற்காலத்தில் பரிதிமாற் கலைஞர் 1897இல் நாடகவியல் என்ற இலக்கண நூலைச் செய்யுளில் இயற்றினார். மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியில் பயின்றவரான விபுலானந்த அடிகள், 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியில், சேக்சுபியரின் நாடகங்களைக் காட்டித் தமிழருக்கு நாடக இலக்கணம் உரைத்தார். நாடகச் சொல் எதுவும் நமக்குப் புதிதன்று. நாம் மறந்தவையே பல.

நூல் என்னும் சொல்

இராஜபாளையம் பஞ்சாலை ஊர். பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் 1936இல் இராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலத்திலிருந்து பஞ்சும் நூலும் கதிரும் இவ்வூர் மக்களின் வாழ்வில் கலந்துவிட்டன. இந்தச் சொற்களே உருவகம் கற்பிக்க எங்களுக்கு உதவின.

'நூல்' என்ற ஒரே சொல் இழைக்கும் பெயர், புத்தகத்துக்கும் பெயர். ஏன்? நன்னூலின் பாயிரத்தில் அதற்கு அழகான விளக்கம் உண்டு. சொற்களைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அவன் அறிவை நூற்கும் கதிராகவும் வைத்து அங்கே உருவகம் செய்யப்பட்டிருக்கிறது. இதைப் படித்துக் காட்டியதும், "புலவரைப் பெண்ணாகச் சொல்லியிருக்கிறார்களா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. உவமையென்றால் 'போல' என்ற சொல் இடையில் நிற்கும். உருவகமென்றால் இரண்டும் ஒன்றே என்று துணிந்து சொல்லிவிடும். 'மலர்முகம்' என்றால் மலர் போன்ற முகம். 'முகமலர்' என்றால் முகமே மலர். இலக்கண நூலில் படித்தபோது குழம்பியவர்களும், பஞ்சு நூலாவதைக் கண்ட பிறகு குழம்பவில்லை.

இவ்வூரில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் பலர். வீட்டு மொழி வேறாக இருப்பதால் தமிழ் வருமோ என்று கவலைப்படும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் வரலாற்றைத் தெலுங்கில் ஒரு காப்பியமாகப் பாடினார். அதன் பெயர் ஆமுக்தமால்யத. சூடிய மாலையைக் கொடுத்தவள் என்பது அதன் பொருள். தமிழில் நாம் வழங்கும் சூடிக்கொடுத்தவள் என்ற பெயரேதான். அக்காப்பியத்தைத் தமிழாக்கியவர் இராஜபாளையத்து அறிஞர் மு.கு. ஜகந்நாதராஜா (1933–2008). அதற்காக அவருக்கு 1989ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. பக்கத்து ஊரில் பிறந்த பெயர் தெலுங்கு நாடு சென்று, நம் ஊர்க்காரர் ஒருவர் கையால் மீண்டும் தமிழுக்குத் திரும்பியது. இரு மொழி அறிந்த குழந்தைக்குச் சொற்பொருள் இரு மடங்கு விளங்கும். அதைக் குறையென்று எண்ணற்க.

சங்கோடு பேசியவர்கள்

திருப்பாவையின் 15ஆம் பாடலை உரையாடல் கற்பிக்க எடுத்துக்கொண்டோம். வெளியே நின்று எழுப்பும் தோழியரும், உள்ளே படுத்திருக்கும் பெண்ணும் மாறி மாறிப் பேசுவதாக அமைந்த பாடல் அது. யார் பேசுவது என்ற குறிப்பு எதுவும் பாட்டில் இல்லை. பேச்சின் குறும்பைக் கொண்டே பேசுபவரை அறிய வேண்டும். இரு குழுவாகப் பிரிந்து படிக்கச் செய்தோம். எச்சமயத்தைச் சார்ந்த பிள்ளையானாலும், தூக்கம் கலையாத தோழியை எழுப்பிய பழக்கம் எல்லாருக்கும் உண்டல்லவா? நம் விடுதி மாணவியர் அதை மிக இயல்பாகப் படித்தார்கள்.

ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் குயிலோடும் மேகத்தோடும் வெண்சங்கோடும் பேசும் பாடல்கள் உள்ளன. கேளாதவை கேட்பன போலவும், பேசாதவை பேசுவன போலவும் கூறும் மரபை நன்னூலும் ஏற்றுக்கொள்கிறது. இதையும், இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தம் கருத்தை ஏற்றிச் சொல்லும் தற்குறிப்பேற்றத்தையும் ஒரே வாரத்தில் நடத்தினோம். மதுரை மதிலில் காற்றில் அசைந்த கொடிகள், கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாம் என்று கைகாட்டியதாக இளங்கோவடிகள் கூறுவதை எடுத்துக்காட்டினோம். பிறகு, "உங்கள் ஊரில் பேசாத ஒன்றோடு பேசி ஐந்து வரி எழுதி வாருங்கள்" என்றோம்.

பலர் நிலவோடு பேசினார்கள். சிலர் கிளியோடு பேசினார்கள். வகுப்பில் வாய் திறவாத ஒரு மாணவி ஆலைச் சங்கோடு பேசியிருந்தாள். "சங்கே, நீ ஊதினால் அம்மா எழுந்து போய்விடுகிறாள். தம்பி அழுவது உனக்குக் கேட்கவில்லையா? நான் அவனுக்குச் சோறூட்டி வருவதற்குள் பள்ளி மணி அடித்துவிடுகிறது. நீ கொஞ்சம் மெதுவாக ஊதேன்" என்று எழுதியிருந்தாள்.

அந்த மாணவி நாள்தோறும் காலம் தாழ்த்தி வருபவள். நாங்கள் பல முறை கடிந்துகொண்டிருக்கிறோம். வாசலில் நிற்க வைத்ததும் உண்டு. "ஏன் தாமதம்?" என்று கேட்டபோதெல்லாம் தலை குனிந்து நின்றாளே தவிர, ஒரு சொல் சொன்னதில்லை. தற்குறிப்பேற்றத்துக்கு இலக்கணம் கேட்டிருந்தால் அவளால் எழுதியிருக்க முடியாது. ஆயினும் எங்களிடம் சொல்ல முடியாததைச் சங்கிடம் சொல்ல ஒரு வழி கிடைத்ததும் சொல்லிவிட்டாள். அன்று மாலை அவளை அழைத்துப் பேசினோம். காலை முதல் பாடவேளைக்கு மாற்று ஏற்பாடு செய்து தந்தோம். இலக்கிய நயம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று, வாய் இல்லாதவருக்கு வாயாகவும் ஆகும் என்பதை அவள் எங்களுக்குக் கற்பித்தாள்.

பெற்றோருக்கும் மாணவியருக்கும்

பெற்றோரே, உங்கள் மகள் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால், "புத்தகத்தில் பார்" என்று அனுப்பிவிடாதீர்கள். நீங்கள் வயலிலும் தறியிலும் ஆலையிலும் அடுக்களையிலும் வழங்கும் சொற்களை அவளுக்குச் சொல்லுங்கள். பாட்டியிடம் அவளை உட்கார வையுங்கள். நீங்கள் எழுதப் படிக்க அறியாதவராயினும், சொல்லேட்டின் முதல் பத்தியை நிரப்ப உங்களால் முடியும்.

மாணவச் செல்வங்களே, ஒரு சொல்லைக் கற்றால் அதை ஒரு முறை எழுதுங்கள், ஒரு முறை பேசுங்கள், ஒரு முறை நடித்துப் பாருங்கள். "அம்மா வந்துவிட்டாள்" என்ற ஒரே தொடரைத் தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாட்டாலும் சொல்லிப் பாருங்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பவை அவை. மெய்யில் தோன்றுவது மெய்ப்பாடு. தேர்வுக்கு முந்திய நாள் அச்சத்தோடு சொல்வது உங்களுக்கு எளிதாகவே வரும்!

இந்த மெய்ப்பாடுகளை நடத்திய நாளில்தான் எங்களுக்கு ஒரு நிறைவு கிடைத்தது. நகை நான்கு வழியில் பிறக்கும். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை என்று கூறி விளக்கிக்கொண்டிருந்தோம். எள்ளல் இகழ்ச்சி. இளமை குழந்தைத்தன்மை. பேதைமை அறியாமை. மடன் என்பதற்கு, பிறர் அறிவித்ததைப் பெற்று, பெற்றதை விடாது பற்றிக்கொள்ளுதல் என்று பழைய உரைகாரர் பொருள் கூறுவர். அப்போது பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட நம் பழைய அமைச்சர் எழுந்து நின்றாள்.

"டீச்சர், அன்றைக்கு எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்களே, அது எள்ளலால் வந்த நகை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. தாளில் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டேன். அது மடன்" என்றாள். வகுப்பே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இரண்டு ஆண்டுகளாக அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்ததை ஒரு சொல் எடுத்துவிட்டது. அதற்கு மேல் ஒரு சொல்லிடம் நாம் எதிர்பார்க்க என்ன இருக்கிறது? இவ்வாண்டு விழா நாடகத்தில் சிறுமியருக்கு ஒத்திகை நடத்தியவள் அவளே. கையெழுத்துப் படியில் அடைப்புக் குறிக்குள் இருந்தவற்றையெல்லாம் சிவப்பு மையால் கோடிட்டு, "இதைப் பேசாதே; இதைச் செய்" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள்.

வளர்க தமிழ்! வாழ்க நம் பள்ளி!